அஞ்சு வெட்டுக்காரர்

எங்க தேயிலைத் தோட்டத்துல ஃபோனுக்கு ஒழுங்கா சிக்னல் கிடைக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான். பெரட்டுக்களம். விடிஞ்சதும் வேலைக்குப் போறவங்க எல்லாரும் வந்து நின்னு, இன்னைக்கு யாரு எந்த மலைக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டுப் பிரிஞ்சு போற மண்ணுத் திடல் அது. அங்கேயும் எல்லா மூலையிலயும் கிடைக்காது. கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு கல்லு கிடக்கு. அதுமேல ஏறி, நமுனுகுல மலையப் பாத்து நிக்கணும். நின்னா ரெண்டு கோடு காட்டும். மழை வந்தா அந்த ரெண்டும் போயிரும்.

அந்தக் கல்லு மேல நின்னுக்கிட்டுத்தான் நான் அந்த மெயிலத் திறந்தேன். திறந்து, முதல் வரியப் படிச்சு, கத்துன கத்துல கொட்டகையில படுத்திருந்த நாய் எந்திரிச்சு ஓடிருச்சு. சீமையில இருக்கிற, மியூசியம்னு சொல்ற பெரிய நூதனசாலை ஒண்ணு என்னை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்துச்சு. என்னை! நமுனுகுல பக்கத்துல லயத்து வரிசை வீட்டுல பொறந்து, பசறை பஸ்ஸுல தொங்கிக்கிட்டே பள்ளிக்கூடம் போன என்னை!

என்ன விசயம்னு சொல்லிர்றேன். அந்த நூதனசாலை, எம்.ஏ. மாதிரி முதுமாணிப் படிப்பு படிக்கிறவங்களுக்கும் ஆய்வு செய்றவங்களுக்கும் ஒரு ஃபெலோஷிப் குடுக்குது. எங்க அம்மா வாயில அது 'பெலசிப்பு'. ஆறு மாசம் அங்கேயே இருக்கலாம். கண்ணாடிக்கு வெளிய நின்னு எட்டிப் பாக்கிறது இல்ல, உள்ள இருக்கிற களஞ்சியத்தையே திறந்து விடுவாங்க. சாமானக் கையில எடுத்துப் புரட்டிப் பாக்கலாம். விண்ணப்பத்துல அவங்க சேகரிப்புலருந்து ஒரே ஒரு பொருளத் தேர்ந்தெடுத்து, இதப்பத்தி இன்னது ஆராயப் போறேன்னு எழுதணும். அந்த ஒரு பொருள் சரியா அமைஞ்சிட்டா அமைஞ்சுது. இல்லேன்னா அம்புட்டுதான்.

நான் அவங்க இணையதளத்துல 'ஊவா'ன்னு எங்க மாகாணத்துப் பேரத் தட்டினேன். முகமூடி வந்துச்சு, ஏடு வந்துச்சு, வெள்ளிச் சுண்ணாம்புக் கரண்டி வந்துச்சு. எங்க ஆளுங்களோடது ஒண்ணும் வரல. எனக்குக் கோபம் வந்துருச்சு. எத்தனை தலைமுறையா இந்த மலையில கெடந்து பாடுபடுறோம், ஒரு ஓட்டைக் கூடையக்கூட எடுத்து வைக்க மாட்டீங்களாய்யா? 'தோட்டம்', 'தமிழர்', 'பதுளை' எல்லாத்தையும் சேத்துப் போட்டுத் தட்டினேன். ஒண்ணே ஒண்ணு வந்துச்சு.

கறுப்புத் துணி மேல நட்டுக்க நிக்கிற வளைஞ்ச கத்தி. கீழ இங்கிலீஷ்ல எழுதியிருந்ததத் தமிழ்ல சொன்னா இப்படித்தான் வரும்: அணிவகுப்புக் கத்தி. ஆயுதப் பிரிவு. ஊவா தோட்டத் தமிழர். உரிமையாளர்: தெரியவில்லை.

ஆயுதப் பிரிவு! எங்க ஆளுங்க! கூடவே ஒரு கட்டுரையும் இருந்துச்சு, அந்த நூதனசாலையிலயே வேலை செய்ற ஒருத்தர் எழுதினது. தோட்டத் தொழிலாளர்களுக்குள்ள ஆயுதம் ஏந்தி அணிவகுத்த ஒரு கூட்டம் இருந்திருக்கலாம்னு அதுல போட்டிருந்துச்சு. கத்தியோட மரப்பிடியில வரிசையா அஞ்சு வெட்டு இருந்துச்சு. அது வீழ்த்தின எதிரிங்களோட எண்ணிக்கையா இருக்கலாமாம். இதுவரைக்கும் நான் படிச்ச எந்தப் புத்தகத்தத் திறந்தாலும் எங்க ஆளுங்க கூடையச் சுமந்துக்கிட்டுக் குனிஞ்சுதான் நிப்பாங்க. இங்க என்னடான்னா கத்தியத் தூக்கிக்கிட்டு நிமிந்து நிக்கிறாங்க. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம், அப்படி ஒரு சந்தோசம்.

சந்தோசத்துல என் பங்குக்கு ஒரு ஆதாரத்தையும் கண்டுபிடிச்சேன். பெரட்டுங்கிற சொல்லு எங்கருந்து வந்துச்சு? இங்கிலீஷ் பரேட்டுலருந்து. அப்ப பெரட்டுக்களம்னா என்ன? அணிவகுப்பு மைதானம்! படை இல்லாம எதுக்கு மைதானம்? இத ரெண்டு பக்கத்துக்கு எழுதி, இந்த மண்ணுல பொறந்தவளுக்கு மட்டும்தான் இது தெரியும்னு ஒரு மிதப்பும் வச்சு அனுப்பிட்டேன். இப்ப வந்த மெயில்ல, 'பெரட்டுக்களத்தைப் பற்றிய உங்கள் கருத்து எங்களை மிகவும் கவர்ந்தது'ன்னு தனியா ஒரு வரி இருந்துச்சு. அந்த வரிய நான் கல்லு மேல நின்னே ஏழெட்டுத் தடவை படிச்சிருப்பேன்.

வீட்டுக்கு ஓடினேன். எங்க வீட்டுல மூணு பேருதான், அம்மா, அண்ணன், நான். அம்மா கொழுந்து பறிக்குது. அண்ணன் கவ்வாத்து வெட்டுற ஆளு. தேயிலைச் செடி உயரமா வளந்து முத்திப் போனா, அத இடுப்புக்குக் கீழ வச்சு வெட்டி விடணும், அப்பத்தான் புதுசா துளிர் வரும். அந்த வெட்டுக்குப் பேருதான் எங்க ஊருல கவ்வாத்து. அண்ணனுக்கு என்னை விட ஆறு வயசு கூட. வாய் மட்டும் பதினாறு வயசுப் பையன் வாய்.

அன்னைக்கு ரெண்டு பேரும் மலையிலருந்து இறங்கி வந்து இஸ்தோப்புல, அதான் நாங்க இருக்கிற காம்பரா அறைக்கு முன்னால இருக்கிற தாழ்வாரத்துல, உக்காந்து பிளேன்டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் மூச்சு வாங்க விசயத்தச் சொன்னேன். அம்மா கோப்பைய வச்சிட்டு, "மாரியாத்தா!"ன்னு கோயில் இருக்கிற திசையப் பாத்துக் கும்பிட்டுச்சு. அண்ணன், "அடேங்கப்பா, சீமைக்குப் போற மொகத்தக் கொஞ்சம் காட்டு புள்ள, பாத்துக்கிறேன்"னுச்சு.

"மொகத்த அப்பறம் பாருண்ணே. இதப் பாரு"ன்னு ஃபோன்ல அந்தப் படத்தக் காட்டினேன்.

அண்ணன் ஒரு மடக்கு டீயக் குடிச்சுக்கிட்டே எட்டிப் பாத்துச்சு. "யாரு புள்ள என் கத்தியப் படம் புடிச்சது?"

"என்னா?"

"என் கத்தி புள்ள." ஃபோன வாங்கிக் கிட்ட வச்சுப் பாத்துச்சு. "இல்ல, இல்ல. என்னுதுல மூணு வெட்டு. இதுல அஞ்சு இருக்கு. இது வேற யாரோடதோ."

"அண்ணே, அது அணிவகுப்புக் கத்தி."

"என்னா வகுப்பு?"

"படையில, வரிசையா நின்னு... ஆயுதம்ணே அது."

அண்ணன் சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிருச்சு. இருமிக்கிட்டே எந்திரிச்சுப் போயி, காம்பரா வாசல்ல கூரைக் கம்பியில சொருகி வச்சிருந்த கத்திய உருவிக்கிட்டு வந்து என் மடியில போட்டுச்சு. "கவ்வாத்துக் கத்தி புள்ள இது! தேயில வெட்டுற கத்தி! ஒங்க கெம்பஸ்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா?"

நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தேன். அதே வளைவு. அதே குட்டைப் பிடி. இந்தக் கத்திக்குக் கீழ குனிஞ்சுதான் நான் தினமும் வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கேன். சின்ன வயசுல இதத் தொட்டதுக்கு அடி வாங்கியிருக்கேன். அந்தக் கத்திய நிமித்தி வச்சு, லைட்டுப் போட்டு, இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதினவுடனே எனக்கு அடையாளம் தெரியாமப் போச்சு. கறுப்புத் துணி மேல வச்சு எடுத்தா எங்க வீட்டு அகப்பையும் செங்கோல் மாதிரிதான் இருக்கும். எனக்கு அது அப்பத்தான் உறைச்சுச்சு.

"அப்ப அந்த வெட்டு?"ன்னு பிடியப் பெருசாக்கிக் காட்டினேன்.

"எல்லாக் கத்தியும் ஒண்ணு போலதான இருக்கு. தேத்தண்ணி குடிக்கப் போறப்ப எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சிட்டுப் போவோம். அடுத்தவன் தூக்கிட்டுப் போயிட்டா? அதுக்குத்தான் அடையாளம். அவனவன் பழக்கின கத்தி அவனவன் கைக்குத்தான் வரும்."

"அது கொன்ன ஆளுங்களோட எண்ணிக்கைன்னு எழுதியிருக்காங்கண்ணே."

"அப்ப நான் மூணு பேரக் கொன்னவனா?" அண்ணன் நெஞ்ச நிமித்திக்கிட்டு அம்மாவைப் பாத்துச்சு. "ம்மா, கேட்டியா? இனிமே சோத்துல உப்பு கொறைஞ்சா சும்மா இருக்க மாட்டேன்!"

"ஒன் வாயில மண்ணள்ளிப் போட"ன்னு அம்மா வெளக்குமாத்தத் தூக்கிச்சு. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. எனக்கு அழுகையா வருது. நேர்முகப் பரீட்சைக்கு நாலே நாள்தான் இருந்துச்சு, என் ஆராய்ச்சி இஸ்தோப்புல செத்துக் கெடக்குது.

ஆனாலும் மனசு கேக்கல. அண்ணன் பாத்தது தப்பா இருக்கலாம்ல? மறுநாள் கல்லு மேல ஏறி, அந்தக் கத்தியோட பழைய குறிப்பு ஏதாச்சும் இருக்கான்னு நூதனசாலைக்கு எழுதிக் கேட்டேன். ஒரு நாள் கழிச்சு ஒரு படம் அனுப்பினாங்க. கத்தியில நூல் போட்டுக் கட்டியிருந்த மஞ்சப் பூத்த காகிதத் துண்டு. மங்குன மையில, இங்கிலீஷ் எழுத்துல, கோணல்மாணலா எழுதியிருந்துச்சு: கவாத்து கத்தி.

இப்ப எல்லாம் வெளிச்சமாயிருச்சு. எந்தத் துரையோ இங்கருந்து கொண்டு போயிருக்காரு, ஆளுங்க சொன்ன பேரக் காதுல கேட்டபடி எழுதியிருக்காரு. பின்னால யாரோ அகராதியத் திறந்து 'கவாத்து'ங்கிற சொல்லத் தேடியிருக்காங்க. நானும் திறந்து பாத்தேன். முதல் அர்த்தம், படைப்பயிற்சி. செடி வெட்டுறது அதுக்குக் கீழ இருக்கு. தேடினவங்க முதல் வரியோட நின்னுட்டாங்க. அவங்களுக்காவது அகராதிதான் துணை. எனக்கு என்ன கேடு? வீட்டுல கவ்வாத்துக்காரன வச்சுக்கிட்டு, பெரட்டுக்கு ஒரு படையக் கட்டி நிறுத்தினேனே! என் தலையில நானே நங்குன்னு ஒண்ணு வச்சுக்கிட்டேன்.

பதுளையில என்கூடப் படிச்ச தோழி ஒருத்தி இருக்கா. அவங்க குடும்பத்துக்குக் கடைத்தெருவுல புடவைக் கடை. கடை மாடியில இன்டர்நெட் சும்மா பறக்கும், அங்க இருந்துதான் நேர்முகப் பரீட்சைன்னு ஏற்கனவே பேசி வச்சிருந்தோம். அவளுக்கு ஃபோன் போட்டு எல்லாத்தையும் கொட்டினேன். அவ யோசிக்கவே இல்ல.

"லூசாடி நீ? வாய மூடிக்கிட்டுப் போயிட்டு வா. அங்க போயி ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணி, அஞ்சாவது மாசம் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லு. அவங்களும் கைதட்டுவாங்க, ஒனக்கும் பேரு."

சத்தியமாச் சொல்றேன், எனக்கு அது ரொம்ப நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. ஒரு ராத்திரி, ஒரு பகல் அந்த யோசனைய மடியில கட்டிக்கிட்டே திரிஞ்சேன். இந்த இடம் கை நழுவிப் போனா எனக்கு இன்னொண்ணு வராதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கல்லு மேல நின்னு எத்தனை விண்ணப்பம் அனுப்பியிருக்கேன், எத்தனை 'வருந்துகிறோம்' வாங்கியிருக்கேன். சொன்னா அவங்க என்ன செய்வாங்க? உங்க ஆய்வே இல்லேன்னு ஆயிருச்சே, போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுவாங்க.

அண்ணன்கிட்டயும் கேட்டேன். கேட்டப்ப அது கத்தியக் கல்லுல தீட்டிக்கிட்டு இருந்துச்சு. "எனக்கு என்னா புள்ள, மூணு பேரக் கொன்னவன்னா லயத்துல ஒரு மரியாதைதான். ஒனக்கு வேலை ஆகும்னா அப்படியே வச்சுக்க"ன்னுச்சு. பெருவிரலால கூரு பாத்துச்சு. அப்பறம் சாதாரணமாச் சொல்லுச்சு. "அந்த ஆளுதான் பாவம். தன் கத்தி தனக்கு வேணும்னு அஞ்சு வெட்டு போட்டாரு. அவரக் கொலகாரன்னு எழுதி வச்சிருக்காங்க."

இதுக்கு மேல என்னத்தச் சொல்றது? சீமைக்குப் போற ஆசையெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. ஆனா அந்த ஆளு வந்து என் மனசுல உக்காந்துட்டாரு.

நேர்முகப் பரீட்சை அன்னைக்குக் கத்தியக் கொண்டு போறதுன்னு முடிவு பண்ணினேன். "நீ கத்தியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல ஏறினா பசறைக்குள்ள புடிச்சு உள்ள போட்டுருவானுங்க. நான் வர்றேன்"னு அண்ணன் அரை நாள் லீவு சொல்லிட்டு வந்துச்சு. கத்தியச் சாக்குல சுத்தி, அதுக்கு மேல பேப்பர் சுத்தி, அதுக்கும் மேல அம்மாவோட பழைய துண்டச் சுத்தி, கைப்புள்ளைய வச்சிருக்கிற மாதிரி மடியில வச்சுக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த அம்மா ஒருத்தவங்க வேற, குளிருதுன்னு துண்ட இழுத்து மூடி விட்டாங்க. எனக்குப் பயத்துலயும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு.

கடை மாடியில என் தோழி பின்னணிக்குன்னு ஒரு காஞ்சிபுரத்த விரிச்சுத் தொங்க விட்டிருந்தா. "எடுத்துருடி, கல்யாண வீட்டு மேடை மாதிரி இருக்கு"ன்னேன். "வாய மூடு, அழகா இருக்கு"ன்னா. அண்ணன் கேமராவுக்குத் தெரியாம புடவைக் கட்டு மேல ஏறி உக்காந்துச்சு, மடியில துண்டு மூட்டை.

திரையில மூணு பேரு வந்தாங்க. நடுவுல நரைச்ச முடியோட ஒரு மேடம். அவங்கதான் பேச ஆரம்பிச்சாங்க. நல்லாச் சிரிச்ச முகம். "உங்க பெரட்டுக்களம்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. அதிலிருந்தே ஆரம்பிப்போமா?"ன்னு கேட்டாங்க.

ஆரம்பிச்சேன். "மேடம், அது தப்பு."

தோழி கதவு பக்கத்துல நின்னு தலையில கை வச்சுக்கிட்டா. நான் நிறுத்தல, நிறுத்தினா சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். பெரட்டுக்களத்துல எந்தப் படையும் நிக்கல, வேலைக்குப் பேரு குடுக்கிறவங்கதான் நிக்கிறாங்க. அது ஆயுதம் இல்ல, தேயிலை வெட்டுற கத்தி. எங்க வீட்டு வாசல்லயே தொங்குது, எனக்குத்தான் அடையாளம் தெரியல. அகராதியில இன்னொரு அர்த்தம் கீழ இருக்கு. அந்த அஞ்சு வெட்டும் யாரையும் கொன்னதுக்கு இல்ல. உங்க குறிப்பும் தப்பு, அந்தக் கட்டுரையும் தப்பு, எல்லாத்தையும் விட என் விண்ணப்பம் பெரிய தப்பு. ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். இங்கிலீஷ் எங்கெங்க ஓடுச்சுன்னு எனக்கே தெரியல.

இணைப்பு நின்னு போச்சோன்னு பாத்தேன். நிக்கல. மேடம் கண்ணாடியக் கழட்டினாங்க.

"அந்தக் கட்டுரையை எழுதினது நான்தான்"னாங்க.

போச்சுடா, எல்லாம் போச்சுடான்னு உள்ளுக்குள்ள ஒரே இரைச்சல். மன்னிப்புக் கேக்கலாமான்னு வாயத் திறந்தேன். அதுக்குள்ள அவங்க முன்னால குனிஞ்சு, "வீட்டு வாசல்ல தொங்குதுன்னு சொன்னீங்களே, அந்தக் கத்தி இப்ப எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க.

"இங்கதான்"னு சொல்லிக்கிட்டே அண்ணன் பக்கம் கைய நீட்டினேன். அண்ணன் துண்ட அவுத்து, பேப்பர அவுத்து, சாக்க அவுத்துக் குடுக்கிறதுக்குள்ள யுகமே போயிருச்சு. தூக்கிக் காட்டினேன். மேடம் வாயில கை வச்சுக்கிட்டாங்க. மத்த ரெண்டு பேரும் நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டாங்க.

"இத யாரு பாவிக்கிறது?"

"எங்க அண்ணன். இங்கதான் இருக்காரு."

"கூப்பிடுங்க, கூப்பிடுங்க!"

அண்ணன் காஞ்சிபுரத்துக்கு முன்னால வந்து நின்னு, திரையப் பாத்து ஒரு கும்பிடு போட்டுச்சு. அதுக்கப்பறம் நடந்தத எப்படிச் சொல்றது! என்னை நேர்முகம் பாக்க வந்தவங்க எங்க அண்ணன நேர்முகம் பாத்தாங்க. ஏன் வளைவு, எப்படிப் பிடிக்கணும், எந்தப் பக்கம் நின்னு வெட்டணும்னு கேள்வி மேல கேள்வி. அண்ணன் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷ்ல சொன்னேன். கொப்பு நார் பிரியாம, வழவழன்னு ஒரே வீச்சுல வெட்டணும், பிச்சு வச்சா செடி பட்டுப் போயிரும்னு அண்ணன் வெறுங்காத்துல வீசிக் காட்டுச்சு. தோழி ஓடி வந்து ஒரு புடவைக் கட்டத் தள்ளி வச்சா, அது வெட்டுப்படக் கூடாதுன்னு.

மேடம் அவங்க கத்தியோட படத்தத் திரை முழுக்கப் பெருசாக்கிக் காட்டினாங்க. அண்ணன் மூக்கு முட்டுற அளவுக்குக் கிட்ட போயிப் பாத்துச்சு. "நடுவுல எப்படித் தேஞ்சிருக்கு பாரு. வருசக் கணக்கா தீட்டியிருக்காரு. நல்ல வேலைக்காரரு. பிடி மட்டும் பின்னால மாத்தினது, அந்த அஞ்சு வெட்டையும் புதுப் பிடியில திரும்பப் போட்டிருக்காரு"ன்னுச்சு. மூணு பேரும் தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க.

"சரி, அடையாளம்னா ஒரு வெட்டு போதுமே. அவர் ஏன் அஞ்சு போட்டார்?"னு கடைசியா மேடம் கேட்டாங்க.

நான் மொழிபெயர்த்தேன். அண்ணனுக்கு இது ஒரு கேள்வியான்னு இருந்துச்சு. "எங்க கூட்டத்துல ஒரு வெட்டு எங்க பெரியப்பா மகன். ரெண்டு வெட்டு மேல் லயத்து மச்சான். மூணாவது நான் சேந்தேன், அதனால மூணு. இவருக்கு அஞ்சுன்னா, ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் போட்டவங்க முன்னாலயே இருந்திருக்காங்கன்னு அர்த்தம்." தன் கத்திப் பிடிய விரலால தடவிக்கிட்டே, "அஞ்சு பேரு செத்ததுக்கு இல்லைன்னு சொல்லு புள்ள. அஞ்சு பேரு ஒண்ணா இருந்ததுக்கு"ன்னுச்சு.

மொழிபெயர்க்க எனக்கு ரெண்டு தடவை முயற்சி வேண்டியிருந்துச்சு. மேடம் அதையும் எழுதிக்கிட்டாங்க. அப்பறம் நன்றின்னு சொன்னாங்க, முடிவ எழுதி அறிவிப்போம்னு சொன்னாங்க. திரை அணைஞ்சு போச்சு.

"என்னா சொல்றாங்க? கெடைக்குமா?"ன்னு அண்ணன் கேட்டுச்சு. தோழி, "கெடைச்சா ஒனக்குத்தான் கெடைக்கும்ணே, இவளுக்கு இல்ல"ன்னா. மூணு பேரும் புடவைக் கட்டு மேல விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் எனக்கு அழுகை வந்துருச்சு, போனது போனதுதான்னு நெனச்சு.

பத்து நாள். பத்து நாளும் அந்தக் கல்லு மேல ஏறி ஏறி என் கால் தேஞ்சு போச்சு. பதினோராவது நாள் காலையில, பெரட்டு நேரத்துல, பனி இன்னும் விலகாம இருக்கிறப்ப ஏறி நின்னேன். அன்னைக்குக் கீழ் மலையில கவ்வாத்து. அண்ணனோட கூட்டம் வரிசையா நிக்குது, ஆளுக்கு ஆளு கையில கத்தி. கணக்கப்பிள்ளை பேரு வாசிச்சுக்கிட்டு இருக்காரு. ஃபோன் ஒரு தடவை அதிந்துச்சு.

திறந்தேன். இந்தத் தடவை நான் கத்தல. அண்ணன்தான் என் முகத்தப் பாத்துட்டு வரிசையில இருந்து கேட்டுச்சு. "என்னா புள்ள?"

"கெடைச்சிருச்சுண்ணே."

"எது?"

"எல்லாம்! ஆறு மாசம்! கத்தியப் பத்தியே எழுதச் சொல்லியிருக்காங்க, உள்ளத உள்ளபடி! முதல் வேலையே அந்தக் குறிப்ப மாத்துறதுதானாம்!"

அண்ணன் வரிசைய விட்டு ஓரடி முன்னால வந்துச்சு. கத்திய நெட்டுக்குத்தலாத் தூக்கி மூக்குக்கு நேரா வச்சுக்கிட்டு, "படை, நில்!"னு போட்ட சத்தத்துல கொட்டகைத் தகரம் அதிந்துச்சு. விசயம் முழுக்கத் தெரிஞ்ச அந்தக் கூட்டமும் அப்படியே விறைப்பா நின்னு கத்தியத் தூக்குச்சு. கொழுந்துக்காரப் பொம்பளைங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. கணக்கப்பிள்ளைக்கு ஒண்ணும் விளங்கல, புத்தகத்த வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. அம்மா கூடையோட ஓடி வந்து கல்லு மேலருந்து என்னை இறக்கிக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. கட்டுரையில சொன்ன அணிவகுப்பு அன்னைக்கு ஒரு நாள் எங்க பெரட்டுக்களத்துல நெசமாவே நடந்துச்சு.

இத நான் இப்ப அந்த நூதனசாலைக் களஞ்சியத்துல உக்காந்து எழுதுறேன். கையுறை போட்டுக்கிட்டு அந்தக் கத்திய எடுத்தப்ப, எனக்கு முதல்ல வந்தது பயம்தான், அம்மா அடிக்குமோன்னு. இன்னைக்குக் காலையில கணினியில அதோட பதிவத் திறந்து குடுத்தாங்க. மேடம் எனக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டாங்க. 'அணிவகுப்பு' போச்சு, கவ்வாத்து வந்துச்சு. 'ஆயுதப் பிரிவு' போச்சு, தொழிற்கருவி வந்துச்சு. 'உரிமையாளர்: தெரியவில்லை'ங்கிற இடத்துல கொஞ்ச நேரம் கை நின்னுச்சு. அழிச்சிட்டு, 'ஐந்து வெட்டுக்காரர். உடன் வேலை செய்தவர்கள் நால்வராவது இருந்தனர்'னு அடிச்சேன். மேடம் என் தோள்ல கை வச்சாங்க.

அதுக்கு அடுத்த கட்டம், தகவல் தந்தவர். அங்க பேரு போட்டாகணும். அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். தேத்தண்ணி நேரமாம், பெரட்டுக்களத்துல கல்லு மேல நிக்குதாம், பின்னால காத்து இரையுது. "ஒன் பேர முழுசாப் போடவா, எப்படிப் போட?"ன்னு கேட்டேன்.

"பேரு வேணாம் புள்ள. மூணு வெட்டு போடு. அவருக்குத் தெரியும்"னுச்சு.